செய்திமடல் போட எந்த மென்பொருள்? - நாலு பேர் பஞ்சாயத்து

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்டத் தெரியாதவங்களுக்கும் புரியணும்னுதான் எழுதியிருக்கேன். நடுவுல ஒரு இடத்துல பைட் கணக்கு வரும். பயந்து ஓடிடாதீங்க, அதுதான் முக்கியமான இடம் :-)

ஜெர்மனிக்குப் படிக்க வர்ற தமிழ்ப் பிள்ளைகளுக்காக நாங்க நாலு பேர் சேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு செய்திமடல் போடுறோம். விசா, ப்ளாக்டு அக்கவுண்ட், வீடு தேடுற கூத்து, பேராசிரியருக்கு எப்படி மடல் எழுதுறது, நல்லெண்ணெய் எந்தக் கடையில கிடைக்கும், இத்யாதி இத்யாதி. வாசகர்கள் 700 சொச்சம். இதுல பாதிப் பேர்தான் மாணவர்கள். மீதி, ஊர்ல இருக்கிற அவங்க அப்பா அம்மா, இங்கேயே பல வருஷமா இருக்கிற ஈழத்துக் குடும்பங்கள். விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது.

நாலு பேர்ல ஒண்ணு நான். முதுகலை மூணாவது செமஸ்டர், அடுத்தது தீசிஸ். இன்னொண்ணு என் வகுப்புத் தோழி. கோயம்புத்தூர்ல பள்ளிக்கூட ஆசிரியையா இருக்கிற ஒரு அக்கா பிழை திருத்துறாங்க (ஒற்றுப்பிழை விட்டா தோலை உரிச்சிடுவாங்க, இந்தப் பதிவை அவங்க படிக்க மாட்டாங்கன்னு நம்புறேன்). நாலாவது ஆள் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தர், 80களின் கடைசியில பதின்ம வயசுல இங்க வந்தவர். வாசகர்கள்ல பாதிப் பேரைச் சேர்த்தது அவர்தான்.

நாங்க இதுவரை பயன்படுத்தின சேவை (பேர் வேண்டாம், ஊர் வேண்டாம்) திடீர்னு ஒரு நாள் இலவச எல்லையைக் குறைச்சது. ஒண்ணு மாசாமாசம் காசு கட்டு, இல்லைன்னா இத்தனாம் தேதிக்கு மேல அனுப்ப முடியாது. ஆக, வேற இடம் பார்த்தே ஆகணும். அதுக்காக நாலு மாசம் நடந்த பஞ்சாயத்துதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. இது எனக்குச் சொந்தமான கொசுவத்தி இல்லை, கூகிள் ரீடரை 2013 ஜூலையில மூடினப்போ நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். ஆனா படிக்கிற உங்கள்ல பல பேர் உங்க பதிவை மடலா அனுப்ப ஃபீட்பர்னரை நம்பி இருந்திருப்பீங்க. கூகிள் அதை 2007-ல் வாங்குச்சு. 2021 ஜூலையில மடல் அனுப்புற வசதியை மட்டும் கழட்டி விட்டுடுச்சு. முன்கூட்டியே முகவரிகளை இறக்கி வைச்சவங்க தப்பிச்சாங்க, அந்தப் பக்கமே வருஷக்கணக்கா எட்டிப் பார்க்காதவங்களோட வாசகர்கள் போனது போனதுதான். டைனிலெட்டர்னு ஒண்ணு இருந்துச்சு, எழுதுறவங்களுக்குன்னே எளிமையா செஞ்சது. 2011-ல் மெயில்சிம்ப் வாங்கி, 2024 பிப்ரவரி 29-ல் மூடிட்டாங்க. ரெவ்யூன்னு இன்னொண்ணு, ட்விட்டர் 2021 ஜனவரியில வாங்கி 2023 ஜனவரியில இழுத்து மூடுச்சு. வாங்கினதுக்கும் மூடினதுக்கும் நடுவுல ரெண்டே வருஷம்! அந்த மெயில்சிம்பையே 2021-ல் இன்டியூட் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. மெயில்சிம்ப்ல ஒரு காலத்துல 2,000 பேர் வரைக்கும் இலவசம். அப்புறம் அது 500 ஆச்சு.

அதனால நான் முதல்ல போட்ட நிபந்தனை ஒண்ணுதான். உள்ள போறது எவ்வளவு சுலபம்னு பார்க்காதே, வெளிய வர்றது எவ்வளவு சுலபம்னு பாரு. முகவரிகள், பழைய மடல்கள், யார் எந்தத் தேதியில ஒப்புதல் கொடுத்தாங்கங்கிற குறிப்பு - மூணும் ஒரே சொடுக்குல கைக்கு வரணும். மூணாவதை நிறைய பேர் மறந்துடுறாங்க. ஐரோப்பாவுல ஒருத்தர் "எனக்கு ஏன் மடல் போட்டே?"ன்னு கேட்டா, அவர் ஒப்புக்கிட்டதுக்கு ஆதாரம் காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு. அதுக்குத்தான் ஜெர்மனியில எல்லாரும் இரட்டை உறுதி வைக்கிறாங்க: பதிவு பண்ணினதும் ஒரு மடல் வரும், அதுல இருக்கிற சுட்டியை அழுத்தினாத்தான் பட்டியல்ல சேருவீங்க.

தோழி சப்ஸ்டாக் கட்சி. "எல்லாரும் அங்கதான் இருக்காங்க, அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சிடலாம்." உண்மைதான். 2017-ல் ஆரம்பிச்சது, இலவச மடலுக்கு எத்தனை பேர் இருந்தாலும் ஒரு பைசா வாங்குறதில்லை. சந்தா வாங்கினா மட்டும் 10% அவங்களுக்கு. அதோட ஸ்ட்ரைப் கட்டணம் தனி. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே நிறைய பேர் "பத்து பர்சன்ட்தானே"ங்கிறாங்க. அங்க மாதச் சந்தா குறைஞ்சது 5 டாலர் வைக்கணும். அதுல சப்ஸ்டாக்குக்கு 50 சென்ட். ஸ்ட்ரைப்புக்கு அமெரிக்கக் கணக்குல 2.9 சதவீதமும் ஒவ்வொரு தடவையும் 30 சென்ட்டும், அதாவது 44.5 சென்ட். திரும்பத் திரும்ப வர்ற சந்தாவுக்கு இன்னொரு 0.7%. மொத்தம் 98 சென்ட், கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. வில்லன் யாருன்னு பார்த்தா அந்த 30 சென்ட்தான், தொகை சின்னதா இருக்க இருக்க அது கடிக்கும். அதையே வருஷச் சந்தாவா 30 டாலர் வாங்கினா போறது 4 டாலர் 38 சென்ட், 15 சதவீதத்துக்கும் கீழ. சந்தா வைக்க நினைக்கிறவங்க முடிஞ்சா வருஷச் சந்தாவையே முன்னால தள்ளுங்க.

எங்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படலை, ஏன்னா எங்கள்ல யாராலயும் சந்தா வாங்க முடியாது! நானும் தோழியும் மாணவர் விசா. இங்க மாணவருக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனா சுயதொழில்னா வெளிநாட்டினர் அலுவலகத்துல தனியா அனுமதி வாங்கணும். மாசம் நாப்பது யூரோ சந்தாவுக்காக அந்த அலுவலகத்துல அப்பாயின்ட்மென்ட் கேட்டு நிக்கிறதுக்கு மார்கழியில பச்சைத் தண்ணியில குளிச்சிடலாம். சரி, அக்கா பேர்ல வாங்கலாம்னா, இந்தியாவுல ஸ்ட்ரைப் 2024-லிருந்து அழைப்பு இருந்தாத்தான் புதுக் கணக்கு. இலங்கை ஸ்ட்ரைப் பட்டியல்லயே இல்லை. ஊர்ல இருந்து எழுதுற நம்ம ஆட்கள் சப்ஸ்டாக்ல "சந்தா" பொத்தானை இயக்க முடியாம முழிக்கிறது இதனாலதான். இந்த ஊர் உலகத்துக்கே பொதுவானதுன்னு சொல்ற கருவி எல்லாம் காசு வாங்குற இடத்துல மட்டும் பாஸ்போர்ட் கேட்கும்.

சப்ஸ்டாக்ல எனக்கு உறுத்தினது வேற ரெண்டு விஷயம். முதலாவது, அங்க "சந்தாதாரர்" வேற, "பின்தொடர்பவர்" வேற. சந்தாதாரரோட முகவரி உங்களுக்குக் கிடைக்கும், எடுத்துக்கிட்டு எங்க வேணா போகலாம். பின்தொடர்பவர் அவங்க செயலிக்குள்ளதான் இருப்பார், முகவரி வராது. எண்ணிக்கை ஏறுதேன்னு சந்தோஷப்பட்டா, அதுல ஒரு பகுதி நம்மளோடது இல்லை. ரெண்டாவது, 50 டாலர் ஒரே தடவை கட்டி நம்ம டொமைனை இணைச்சாலும் மடல் என்னவோ அவங்க முகவரியிலிருந்துதான் போகும். சின்ன ஆளுக்கு இது ஒரு வகையில நல்லது, அவங்க நல்ல பேர்ல நம்ம மடலும் உள்ள போயிடும். ஆனா ஒரு நாள் கிளம்பும்போது, வாசகரோட பெட்டிக்கு நாம புது ஆள். முதல் மடல் நேரா ஸ்பேமுக்குப் போக நல்ல வாய்ப்பு இருக்கு.

கிளம்ப மாட்டோம்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. ப்ளாட்ஃபார்மர்னு கேசி நியூட்டன் நடத்துற தொழில்நுட்ப மடல், சப்ஸ்டாக்ல பெரிய பேர். நாஜி ஆதரவு மடல்களை அங்க அனுமதிக்கிறாங்கன்னு 2023 கடைசியில பெரிய சண்டை வந்து, 2024 ஜனவரியில அவர் மொத்தமா மூட்டை கட்டி கோஸ்ட்டுக்குப் போயிட்டார். யார் பக்கம் நியாயம்னு இங்க ஜல்லி அடிக்கப் போறதில்லை. அவரால போக முடிஞ்சது பாருங்க, எனக்கு வேண்டியது அதுதான். முகவரிப் பட்டியலும், ஸ்ட்ரைப் கணக்கும் அவர் பேர்ல இருந்ததால போனார்.

அந்த கோஸ்ட்டைப் பத்தி. 2013-ல் கிக்ஸ்டார்ட்டர்ல காசு திரட்டி ஆரம்பிச்சது, லாப நோக்கமில்லாத அறக்கட்டளை நடத்துது, நிரல் திறந்தது. சந்தாவுல பங்கு கேட்கிறதில்லை. 2019 அக்டோபர்ல வந்த மூணாவது பதிப்புல உறுப்பினர், சந்தா வசதியெல்லாம் சேர்ந்துச்சு. பார்க்கவும் ரொம்ப அழகு. அவங்க சர்வர்லயே வைச்சா மாதக் கட்டணம், எங்க பட்ஜெட்டுக்குக் கட்டாது. நாமளே நிறுவிக்கலாம், ஆனா மொத்த மடல் அனுப்ப மெயில்கன் கணக்கு வேணும்னு கேட்குது, அதுக்கு வேற காசு. வெறும் மடல் மட்டும் போடுற எங்களுக்கு, தோசை சுட கல்யாண மண்டபம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இணையதளமும் மடலும் சேர்ந்து நடத்துறவங்களா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு கோஸ்ட் போங்க.

பட்டன்டவுன்னு சின்னதா ஒண்ணு இருக்கு, ஜஸ்டின் டியூக்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. முதல் 100 பேருக்கு இலவசம், அதுக்கு மேல 1,000 பேர் வரைக்கும் நான் பார்த்தப்போ மாசம் 9 டாலர். மார்க்டவுன்ல எழுதலாம். யார் திறந்தாங்க, எதை அழுத்தினாங்கன்னு வேவு பார்க்கிறதை அணைச்சு வைக்கலாம். தனி ஆளா எழுதுறீங்கன்னா என் ஓட்டு இதுக்குத்தான். நாங்களும் கிட்டத்தட்ட இதுலயே முடிச்சிருப்போம்.

அப்பத்தான் அண்ணை ஒரு கேள்வி கேட்டார். அதுவரைக்கும் வாட்சாப் அழைப்புல நாங்க மூணு பேரும் வசதி, விலைன்னு கத்திக்கிட்டு இருந்தோம், அவர் பேசாம இருந்தார்.

"தம்பி, இந்த எழுநூறு பேற்ற ஈமெயிலும் ஆற்ற கையில இருக்கப் போகுது?"

அமெரிக்க நிறுவனம் அண்ணை, விதிமுறையெல்லாம் இருக்குன்னு சொன்னேன்.

"விதிமுறை இருக்கும். நான் அதைக் கேக்கேல்ல. இதில பேர் குடுத்த சனத்தில கொஞ்சப் பேர், தாங்கள் எங்க இருக்கினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டு இருக்கிற ஆக்கள். இன்னும் அகதி வழக்கு முடியாத பெடியன் ஒருத்தன் இருக்கிறான். நான் சொல்லித்தான் அவன் ஈமெயில் தந்தவன்."

அழைப்புல கொஞ்ச நேரம் யாரும் பேசலை. எங்களுக்கு அது சிஎஸ்வி கோப்பு. அவருக்கு அதுல இருக்கிற ஒவ்வொரு வரியும் அவர் வாக்குக் கொடுத்த ஆள்.

சட்டப்படி பார்த்தாலும் அவர் கேட்டது வெத்துக் கவலை இல்லை. ஐரோப்பியர் தரவை அமெரிக்காவுக்கு அனுப்ப இருந்த உடன்படிக்கையை ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஜூலையில ரத்து பண்ணுச்சு. அதுக்கப்புறம் 2021 மார்ச்சுல பவேரியா மாநிலத் தரவுக் காப்பு அலுவலகம், ஒரு நிறுவனம் மெயில்சிம்ப்புக்கு முகவரிகளைக் கொடுத்த விதம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 2023 ஜூலையில புது உடன்படிக்கை வந்திருக்கு, இப்போ அனுப்பலாம். ஆனா ஒரு கோர்ட்டு தீர்ப்புல மறுபடியும் மாறாதுன்னு சொல்ல முடியாது, ஏற்கெனவே ரெண்டு தடவை மாறியிருக்கு.

அங்கதான் லிஸ்ட்மாங்க் உள்ள வந்துச்சு. பெங்களூர் செரோதா நிறுவனத்தோட தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் எழுதி 2019-ல் திறந்த நிரலா வெளியிட்டது. கோ மொழியில ஒரே ஒரு கோப்பு, பக்கத்துல ஒரு போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், அவ்வளவுதான். மாசம் அஞ்சு யூரோ சர்வர்ல கால் நீட்டிப் படுத்துக்கும். பட்டியல் நம்ம சர்வர்ல, ஜெர்மனியிலேயே இருக்கும். இரட்டை உறுதி வசதி உள்ளேயே இருக்கு. தனி நபரைக் கண்காணிக்கிறதை அணைச்சிடலாம்.

மடலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை மட்டும் அதுக்குத் தெரியாது. தபால்காரர் வேற ஆள் வேணும். நம்ம சர்வர்லயிருந்து நேரா அனுப்பலாமேன்னு கேட்டா, தயவுசெய்து வேண்டாம். சர்வர் வாடகைக்கு விடுறவங்க பல பேர் 25-ஆம் போர்ட்டை அடைச்சே வைச்சிருக்காங்க. திறந்தாலும் பேர் தெரியாத சர்வர்லயிருந்து வர்ற மடலை ஜிமெயில் மதிக்கிறதில்லை. நாங்க அமேசான் எஸ்இஎஸ் எடுத்தோம், ஃபிராங்க்ஃபர்ட் கிளையில. 1,000 மடலுக்கு 10 சென்ட். 700 பேருக்கு மாசம் ரெண்டு தடவைன்னா 14 சென்ட்! ஆரம்பத்துல ஒரு சின்ன வேலி போட்டு வைச்சிருப்பாங்க, ஒரு நாளைக்கு 200 மடல், அதுவும் நாம சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். என்ன அனுப்புறோம், யாருக்கு, எப்படி ஒப்புதல் வாங்கினோம்னு எழுதிக் கேட்டா திறந்து விடுவாங்க. (அமேசானும் அமெரிக்காதானேன்னு அண்ணை கேட்டார். ஆமாம். மடல் போகும்போது முகவரி அவங்களைத் தாண்டித்தான் போகும். ஆனா பட்டியல் அங்க குடியிருக்காது, பேரும் ஊரும் அவங்களுக்குப் போகாது. அவர் யோசிச்சு, "அது பரவாயில்லை"ன்னார். நூறு சதவீதம்னு யாரும் சொல்லலை.)

இப்போ பைட் கணக்கு. எந்தக் கருவியை எடுத்தாலும், தமிழ்ல எழுதுறவங்க இதைப் பார்க்காம எடுக்காதீங்க.

ஜிமெயில், ஒரு மடலோட எச்டிஎம்எல் 102 கேபி தாண்டினா மீதியை வெட்டி மறைச்சிடும். முழுசாப் பார்க்கணும்னா கீழ ஒரு சுட்டியை அழுத்தணும். ஆங்கிலத்துல 2,500 வார்த்தை மடல் 15 கேபி கூட வராது, அவங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. தமிழ்ல யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். "கி"ன்னா அது ரெண்டு குறி, க-வும் விசிறியும், ஆக 6 பைட். அதே 2,500 வார்த்தை தமிழ்ல சுமார் 20,000 குறி வரும், 60 கேபி. டெம்ப்ளேட்டோட சேர்த்தாலும் 102-க்குள்ள அடங்கிடும். ஆனா சில மென்பொருள் நாம எழுதின தமிழை அப்படியே விடாம, ஒவ்வொரு குறியையும் எண்ணா மாத்தி வைக்கும். அம்பர்சண்டு, ஹேஷ், நாலு இலக்கம், அரைப்புள்ளி, மொத்தம் 7 பைட். இப்போ அதே மடல் 140 கேபி! நாங்க சோதிச்ச ஒரு சேவை இதைத்தான் பண்ணுச்சு. திரையில தமிழ் அழகா தெரியும், மூலத்தைத் திறந்து பார்த்தாத்தான் வண்டவாளம் தெரியும். மடலை ஜிமெயில்ல திறந்து, "மூலத்தைக் காட்டு" அழுத்திப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. (அங்க ஈக்வல்-டு குறியும் எண்ணுமா வந்தா பயப்படாதீங்க, அது வழியில போறதுக்கான கட்டு, போய்ச் சேர்ந்ததும் பிரிச்சிடுவாங்க. அம்பர்சண்டு வந்தாத்தான் வம்பு.)

வெட்டினா என்ன, அழுத்திப் படிச்சுக்கட்டுமேன்னு விட முடியாது. வெட்டுப்படுற வால்லதான் "மடல் வேண்டாம்" சுட்டி இருக்கும். அது கண்ணுல படலைன்னா ஆள் என்ன பண்ணுவார்? ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். 2024 பிப்ரவரியிலிருந்து கூகிளும் யாஹூவும் விதியைக் கடுமையாக்கியிருக்காங்க, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாதுங்கிறாங்க. 700 பேர்ல 0.3% எவ்வளவு? ரெண்டு பேர். கோவத்துல இருக்கிற ரெண்டு மாமா போதும் நம்ம பேரைக் கெடுக்க.

அடுத்தது தலைப்பு. மடல் தலைப்புல ஆங்கிலம் அல்லாத எழுத்து வந்தா அதைச் சின்னச் சின்னத் துண்டா மடிச்சு அனுப்பணும்னு பழைய விதி ஒண்ணு இருக்கு, ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல போகக்கூடாது. பேஸ்64-ல் மடிச்சா அதுல 15 தமிழ்க் குறிதான் அடங்கும். "செய்திமடல்"ங்கிற ஒரே சொல்லுக்கே 10 குறி போயிடும். அதனால தமிழ்த் தலைப்பு எப்பவுமே ரெண்டு மூணு துண்டாத்தான் போகும். ஒழுங்கான மென்பொருள் குறி முடியுற இடத்துல வெட்டும். ஒழுங்கில்லாதது பைட் கணக்குல நடுவுல வெட்டி, தலைப்புக்கு நடுவுல கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி காட்டும். ஆங்கிலத் தலைப்பு வைச்சுச் சோதிச்சா இது தெரியவே தெரியாது. நாங்க "ஸ்ரீ", "க்ஷ", "ஔ", "நூற்றுக்கணக்கான"ன்னு வேணும்னே வம்பான எழுத்தாப் போட்டு ஒரு நீளத் தலைப்பு தயார் பண்ணி வைச்சு, எல்லா சேவையிலும் அதையே அனுப்பிப் பார்த்தோம்.

சுட்டியும் இப்படித்தான். தலைப்பையே சுட்டியா மாத்துற கருவிகள்ல ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்து சதவீதக் குறியா விரியும். வேர்ட்பிரஸ் வைச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், அதுல 200 எழுத்தோட வெட்டிடும், 22 குறிக்கு மேல தேறாது. வாட்சாப்ல அந்தச் சுட்டியைப் பார்த்தா வைரஸ்னு நினைச்சு எங்க அம்மாவே திறக்க மாட்டேங்கிறாங்க. கையால சின்னதா எழுதிக்க விடுற கருவியா பாருங்க.

எழுத்துரு பத்தி ரெண்டே வரி. மடல்ல நம்ம இஷ்ட எழுத்துருவை ஜிமெயில் ஏத்துக்காது, வாசகர் பொட்டியில இருக்கிறதுதான். டெம்ப்ளேட்ல வரி இடைவெளியைக் கூட்டுங்க, எழுத்துக்கு நடுவுல இடைவெளி விடுறதையும் சாய்வெழுத்தையும் தூக்கிடுங்க. ஆங்கில டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்தா புள்ளி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்கும்.

நிறுவினது சனி ஞாயிறு ரெண்டு நாள் வேலை. லிஸ்ட்மாங்க் ஒரு மணி நேரம்தான், மீதி நேரம் எல்லாம் டொமைன் பதிவுகளுக்குப் போச்சு. எஸ்பிஎஃப்-ன்னா "என் பேர்ல மடல் போட இன்னின்ன சர்வருக்குத்தான் உரிமை"ன்னு எழுதி வைக்கிறது. டிகேஐஎம்-ன்னா ஒவ்வொரு மடலுக்கும் அரக்கு முத்திரை குத்துறது. டிமார்க்-ன்னா ரெண்டும் சரியில்லைன்னா அந்த மடலை என்ன பண்ணலாம்னு வாங்குறவருக்குச் சொல்றது. ஒரு நாளைக்கு 5,000 மடலுக்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்களுக்கு மூணும் கட்டாயம், ஒரே சொடுக்குல விலகுற வசதியும் கட்டாயம். எங்க அளவுக்கு இது எல்லாமும் கட்டாயமில்லை, இருந்தும் மூணையும் போட்டோம். புது டொமைன்ல எடுத்த எடுப்புல 700 பேருக்கும் அனுப்பலை. முதல் மடல் எப்பவும் பதில் எழுதுற 60 பேருக்கு, அடுத்தது 200, அப்புறம் எல்லாருக்கும்.

இன்னொரு கூத்து, முகவரி. ஜெர்மனியில சொந்தபந்தம் தாண்டி பொதுவுக்குப் போடுற பக்கம்னா நடத்துறவர் பேரும் அஞ்சல் முகவரியும் போடணும். அமெரிக்காவுலயும் வணிக மடலுக்கு 2003 சட்டப்படி அஞ்சல் முகவரி வேணும், அதனால பல சேவைகள் இலவச மடலுக்கும் கேட்குது. என் விடுதி அறை எண் 700 பேர் பெட்டிக்குப் போகணுமான்னு யோசிச்சப்போ, அண்ணை தன் கடை முகவரியைப் போடச் சொல்லிட்டார். "அது ஏற்கெனவே போர்ட்டில எழுதித்தானே கிடக்கு."

எத்தனை பேர் திறந்தாங்கங்கிற எண் இப்போ எங்ககிட்ட இல்லை. தோழிக்கு அதுல வருத்தம். ஆனா ஆப்பிள் 2021-லிருந்து மடல்ல இருக்கிற படங்களை ஆள் திறக்காமலே முன்கூட்டி இறக்குற வசதி வைச்சிருக்கு, அதை இயக்கினவங்க எல்லாரும் "திறந்தவர்" கணக்குல வந்துடுவாங்க. அந்த எண்ணை வைச்சுக்கிட்டு ஆஹா ஓஹோன்னு துள்ள எனக்கு இஷ்டமில்லை. பதில் மடல் எத்தனை வருதுன்னு எண்ணுறோம்.

பஞ்சாயத்துல கடைசியா எழுந்தது அக்கா. "எல்லாம் சரிப்பா, நீ தீசிஸ் முடிச்சு வேலைக்குப் போயிட்டா, நடுராத்திரி இது படுத்துக்கிச்சுன்னா யாரைக் கூப்பிடுறது? அந்தக் கறுப்புத் திரையில டைப் அடிக்கிறது உனக்கு மட்டும்தானே தெரியும்?"

நான் சொந்த சர்வர் வைக்கிறதுக்கு எதிரா இதை விட நல்ல வாதம் இதுவரை கேட்டதில்லை. தனி ஆளா இருக்கிறவங்க பட்டன்டவுன் பக்கமே போங்கன்னு மேல சொன்னதுக்கும் காரணம் இதுதான். நாங்க நாலு பேர் இருக்கிறதால மட்டும்தான் துணிஞ்சோம், அதுவும் சில ஏற்பாட்டோட. டொமைனும் சர்வரும் என் பேர்ல இல்லை, அண்ணை கடைக் கணக்குல இருக்கு, டொமைனுக்கு வருஷம் 15 யூரோவுக்குள்ளதான். ராத்திரி தோறும் தரவுத்தளம் பூட்டுப் போட்டு வேற இடத்துக்குப் பிரதி போகும், சாவி என்கிட்டயும் தோழிகிட்டயும். எது நின்னா எதை அழுத்தணும்னு நாலு பக்கம் தமிழ்ல எழுதி, அச்சடிச்சு, அண்ணை கடை கல்லாவுக்கு மேல ஒட்டியிருக்கு. நாலு பக்கமும் அக்கா திருத்திக் கொடுத்தது (பதினொரு ஒற்றுப்பிழை). போன மாசம் பிரதியை எடுத்து வெத்து சர்வர்ல தோழி தனியா நிறுவிப் பார்த்தா, என்னை ஒரு கேள்விகூடக் கேட்காம. மூணு மணி நேரம் ஆச்சு.

அந்தப் பையன் இப்போ பட்டியல்ல இல்லை. புது இடத்துக்கு மாத்துறதுக்கு முன்னால எல்லாருக்கும் மறுபடி உறுதி கேட்டு மடல் போட்டோம், 700 சொச்சத்துல 590 பேர் அழுத்தினாங்க, அவன் அழுத்தலை. பழைய சேவையில மொத்தப் பட்டியலையும் அழிச்சு, கணக்கையும் மூடினோம். அவனுக்கு அண்ணை ஒவ்வொரு மடலையும் அச்சடிச்சுக் கையில கொடுக்கிறார்.

அடுத்த மடல் என் தேர்வு வாரத்துல வருது. அதை அக்கா கோயம்புத்தூர்லயிருந்து கைப்பேசியிலேயே அனுப்புறாங்க. போன ஞாயிறு ஒத்திகை பார்த்தோம், "அனுப்பு" பொத்தான் ஏன் இவ்வளவு சின்னதா இருக்குன்னு மட்டும் கேட்டாங்க.